சால்ஸ்பர்கிலிருந்து ஓபர்ன்டார்ஃபுக்கு ஒரு பனிக்கால மதிய ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஜெர்மனியில், முனிக்கில் இருக்கிறேன். குளிர்காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் போகாமல் திரும்புவதில்லை. காலையில் கோட்டை ஏறுவார்கள், மோசார்ட் பிறந்த வீட்டு வாசலில் படம் எடுப்பார்கள், பன்னிரண்டு மணி வாக்கில் எனக்குப் போன் அடித்து "மதியத்துக்கு என்ன செய்யலாம்?" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கேட்ட கேள்விகளை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஓபர்ன்டார்ஃபா? அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டதே இல்லையே, அங்கே என்ன இருக்கிறது?

சால்ஸ்பர்குக்கு வடக்கே, இருபது கிலோமீட்டருக்குள், சால்ஸாக் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். "சைலன்ட் நைட்" என்று உலகம் முழுக்கப் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு முதன்முதலாகப் பாடப்பட்டது இங்கேதான், 1818 டிசம்பர் 24 அன்று. அதன் நினைவாக ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது. அதைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். நான் ஆட்களை அனுப்புவது அந்த ஐந்து நிமிடத்துக்காக இல்லை. நின்று நின்று போகும் ரயில், ஆற்றங்கரை நடை, இரண்டு நாடுகளுக்கு நடுவே பிரிந்து கிடக்கும் ஒரே ஊர், எதற்கும் அவசரப்படாத ஒரு மதியம், இவ்வளவுக்காகத்தான்.

எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும்? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஜனவரியில், ஏதாவது ஒரு சாதாரண வேலை நாளில். டிசம்பரில் சந்தையும் விளக்குகளும் இருக்கும், பேருந்து பேருந்தாக ஆட்களும் வந்து இறங்குவார்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள், அது முடிந்ததும் ஊர் தன் சுபாவத்துக்குத் திரும்பிவிடும். வீட்டுக் கதவுகளின் நிலைப்படி மேலே சாக்கட்டியால் அந்த வருடத்தின் எண்களையும் நடுவில் சி, எம், பி என்ற மூன்று எழுத்துகளையும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ராஜா வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாக வந்து பாடி, நன்கொடை வாங்கிக்கொண்டு, எழுதிவிட்டுப் போவது அது. நம் ஊர் மார்கழி பஜனைக் கோஷ்டி ஞாபகம் வரும் எனக்கு.

நேரம் முக்கியம். டிசம்பர் கடைசியில் நாலே கால், நாலரைக்குள் சூரியன் விழுந்துவிடும், ஜனவரி முடிவில் ஐந்து மணி வரை இழுக்கும். அதனால் பன்னிரண்டரை, ஒரு மணி ரயிலைப் பிடித்துவிடுங்கள். இரண்டு மணிநேர வெளிச்சம், பிறகு ஒரு மணிநேரம் அந்த நீல இருட்டு, பிறகு ஒரு காப்பி, வீடு. மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

ரயில் எங்கிருந்து கிளம்புகிறது? எல்லாரும் இதில்தான் குழம்புகிறார்கள்.

நானும் குழம்பினேன். சால்ஸ்பர்க் தலைமை ரயில் நிலையத்தின் மேல் தளத்தில், வியன்னாவுக்கும் முனிக்குக்கும் போகும் பெரிய ரயில்களுக்கு நடுவே நின்றுகொண்டு, அறிவிப்புப் பலகையில் ஓபர்ன்டார்ஃபைத் தேடித் தேடி, கண்ணெதிரே இருபது நிமிடம் போனதுதான் என் முதல் பயணத்தின் தொடக்கம். கடைசியில் ஒரு பாட்டியம்மா தரையை நோக்கி விரலை நீட்டினார். இந்த ரயில் பூமிக்கு அடியிலிருந்து கிளம்புகிறது. இது தேசிய ரயில்வேயின் வண்டி கிடையாது, சால்ஸ்பர்க் உள்ளூர் ரயில், ஜெர்மனில் லோக்கால்பான் என்பார்கள். நிலையத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்திலிருந்து படி இறங்கினால் அதற்கென்றே தனி நிலத்தடி பிளாட்பாரம். எஸ்1 என்ற எண்ணும், லாம்ப்ரெக்ட்ஸ்ஹவுசன் என்ற வாயில் நுழையாத பெயரும் எழுதியிருக்கும். எஸ்11 வந்தாலும் ஏறலாம், அதுவும் ஓபர்ன்டார்ஃப் வழிதான்.

பொதுவாக அரை மணிக்கு ஒன்று. பயணமும் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். இந்தத் தடம் 1896-இல் லாம்ப்ரெக்ட்ஸ்ஹவுசன் வரை போடப்பட்டது, இன்றைக்கும் பாதி டிராம் பாதி ரயில் போன்ற ஒரு குணம் அதற்கு உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு வரும் அம்மாக்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்கள் என்று உள்ளூர்க்காரர்கள்தான் நிறைந்திருப்பார்கள்.

இன்னொன்று. கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். சின்ன நிறுத்தங்களில் இறங்க விரும்பினால் முன்கூட்டியே அழுத்திச் சொல்ல வேண்டும். "திறக்கும், திறக்கும்" என்று மரியாதையாகக் காத்திருந்த என் மச்சான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பனியில் திரும்பி நடந்து வந்தார்.

டிக்கெட் எவ்வளவு, எங்கே வாங்குவது?

விலை மாறிக்கொண்டே இருப்பதால் எழுதவில்லை. நிலையத்து இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் விடுதி வரவேற்பில் ஒரு வார்த்தை கேளுங்கள். சால்ஸ்பர்க் மாநிலத்தில் இரவு தங்கும் விருந்தினர்களுக்கு 2025 மே மாதத்திலிருந்து பொதுப் போக்குவரத்துச் சீட்டு தங்கும் கட்டணத்தோடு சேர்ந்தே வருகிறது. பலர் அது தெரியாமல் தனியாகக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். க்ளிமாடிக்கெட் என்ற வருடப் பயணச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இருக்கும்?

இதைக் கேட்பவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போகும்போது முதல் பத்து நிமிடம் வலது பக்கம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்து இட்ஸ்லிங் தாண்டியதும், குன்றின் மேல் இரட்டைக் கோபுரத்தோடு மரியா பிளைன் திருத்தலம் தெரியும். சால்ஸ்பர்க் மக்களின் யாத்திரைக் கோவில் அது. அதற்குப் பிறகு இடது பக்கம் மாறிக்கொள்ளுங்கள். பெர்க்ஹைம், ஆன்ட்டரிங் என்று நிறுத்தங்கள் வர வர, ஆற்றோரத்து ஈரக்காடு அந்தப் பக்கம் நீளும். இலை உதிர்ந்த மரங்கள், கீழே வெள்ளைத் தரை, நடு நடுவே ஒரு மான் கூட. மான் எனக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது, அதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வண்டி காலியாக இருந்தால் ரயில் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள் என்பது என் சொந்த யோசனை. ஆல்ப்ஸ் தெற்கே இருக்கிறது, நீங்கள் வடக்கே போகிறீர்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், வளைவுகளில் உன்டர்ஸ்பெர்க் மலை உங்களைவிட்டு மெல்ல மெல்லப் பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டே வரலாம். பனிமூட்டம் என்றால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

அந்தப் பாட்டின் கதை உண்மையில் என்ன? எலி தேவாலயத்து ஆர்கனைக் கடித்துக் கெடுத்ததால்தான் கிட்டாரோடு பாடினார்கள் என்கிறார்களே?

எலிக் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது, பின்னாளில் யாரோ ஒட்டவைத்தது. நடந்ததே அதைவிட நன்றாக இருக்கிறது.

யோசஃப் மோர் 1792-இல் சால்ஸ்பர்கில் பிறந்தவர். அம்மா பின்னல் வேலை செய்து பிழைத்தவர், அப்பா ஒரு படைவீரர், பிள்ளை பிறக்கும் முன்பே விட்டுப் போய்விட்டார். திருமணம் ஆகாமல் பிறந்த குழந்தைக்கு ஞானத் தகப்பனாகப் பெயர் கொடுத்தவர் ஊரில் மரண தண்டனையை நிறைவேற்றுபவர். அந்தப் பையன்தான் படித்து, பாதிரியாராகி, 1816-இல் மரியாஃபார் என்ற மலையூரில் இருந்தபோது ஆறு பத்திகளில் ஒரு கவிதை எழுதுகிறார். அது என்ன வருடம் என்று பாருங்கள். நெப்போலியன் காலத்துப் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய சாம்பலால் 1816-இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை, பயிர் அழுகி, பசி. சால்ஸ்பர்கும் பதின்மூன்று வருடத்துக்குள் கை மாறி மாறி, கடைசியில் அதே 1816-இல் ஆஸ்திரியாவிடம் வந்து சேர்ந்தது. "அமைதியான இரவு" என்று ஒருவர் அந்த வருடம் எழுதினால் அது வெறும் தாலாட்டாக இருந்திருக்காது. இன்று எல்லாரும் பாடுவது மூன்று பத்திகள்தான், எல்லா மக்களையும் சகோதரராக அணைப்பது பற்றிய பத்தியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்.

1817-இல் மோர் ஓபர்ன்டார்ஃபுக்குத் துணைப் பாதிரியாராக வருகிறார். பக்கத்து ஆர்ன்ஸ்டார்ஃபில் பள்ளி ஆசிரியராக இருந்த ஃப்ரான்ஸ் சாவர் க்ரூபர் இங்கே ஆர்கன் வாசிக்கவும் வந்து போவார். 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மோர் கவிதையை அவரிடம் நீட்டி, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் ஏற்ற மாதிரி மெட்டுப் போடச் சொல்கிறார். அன்று இரவே பாடுகிறார்கள், மோர் கிட்டார் வாசித்து மேல்குரல், க்ரூபர் கீழ்க்குரல். கேட்டவர்கள் பெரும்பாலும் படகோட்டிக் குடும்பங்கள்.

பிறகு இருவரும் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்த மாதிரியே தெரியவில்லை. டிரோல் பக்கத்து ஆர்கன் பழுதுபார்ப்பவர் ஒருவர் எடுத்துப் போக, அங்கிருந்து ஊர் ஊராகப் போய்ப் பாடும் குடும்பங்கள் பரப்ப, பாட்டு மட்டும் பேர் வாங்கியது, எழுதியவர் பேர் மறைந்தது. 1854-இல் பெர்லின் அரசவை இசைக்குழு "இது யார் பாட்டு?" என்று சால்ஸ்பர்குக்குக் கடிதம் எழுதி விசாரித்த பிறகுதான் க்ரூபர் உட்கார்ந்து நடந்ததை எழுதிக்கொடுத்தார். மோர் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1848-இல், வாக்ரைனில் இறந்துபோயிருந்தார்.

அப்படியானால் அந்தப் பழைய தேவாலயத்தைப் பார்க்கலாமா?

முடியாது, இடித்துவிட்டார்கள். காரணம் சால்ஸாக் ஆறு. பழைய ஓபர்ன்டார்ஃப் ஆற்றின் வளைவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஹல்லைன் சுரங்கத்து உப்பை ஏற்றிக்கொண்டு வரும் படகுகளை நம்பிப் பிழைத்த ஊர், ஆற்றை விட்டுத் தள்ளி எங்கே போகும்? 1890-களின் கடைசியில் வெள்ளம் மேல் வெள்ளம். 1899 வெள்ளம் பாலத்தையும் கொண்டுபோய்விட்டது. பிறகு ஊரையே சற்று மேல்நோக்கி நகர்த்திக் கட்டினார்கள். கைவிடப்பட்ட புனித நிக்கோலஸ் தேவாலயத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தார்கள். அது இருந்த மேட்டில் 1924-இல் தொடங்கி, 1937-இல் திறந்ததுதான் இப்போது நாம் பார்க்கும் எண்கோணக் குட்டிக் கோவில். இருபது பேர் நின்றால் நெரிசலாகிவிடும். வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்றில் மோர், இன்னொன்றில் க்ரூபர்.

உள்ளே நிற்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: மோரின் மண்டையோடு அந்தச் சுவருக்குள் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது வரைந்த படம் எதுவும் கிடைக்காததால், சிலை செய்ய விரும்பிய சிற்பி முகத்தை அனுமானிக்கக் கல்லறையைத் தோண்டித் தலையோட்டை எடுக்க வைத்தார். அது திரும்ப வாக்ரைனுக்குப் போகவில்லை, இங்கே சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள். உடல் ஓர் ஊரில், தலை ஓர் ஊரில். இதைச் சொன்னதும் என் அக்கா பையன் ஜன்னலை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்திலேயே மோர் குடியிருந்த பழைய பாதிரியார் இல்லம், இப்போது அருங்காட்சியகம். குளிர்காலத்தில் திறக்கும் நாட்கள் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. போனால் ஏதாவது புரியுமா, இல்லை சும்மா நிற்போமா?

புரியும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கம் தேவாலயத்தோடு வளர்ந்தவர்களுக்கு "ஒப்பில்லாத் திருவிரா" என்று இதே மெட்டு தமிழிலேயே பழக்கம், அவர்கள் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு ஆறு போதும். ஆற்றங்கரை மேட்டில் ஏறி நில்லுங்கள், எதிர்க்கரையில் தெரியும் பெரிய தேவாலயமும் வீடுகளும் லௌஃபன். 1816 வரை இந்தக் கரையும் அந்தக் கரையும் ஒரே ஊர். ஓபர்ன்டார்ஃப் என்பது லௌஃபனின் புறநகர், படகுக்காரர்களின் குடியிருப்பு. அந்த வருடம் எல்லையை ஆற்றின் நடுவே போட்டார்கள், லௌஃபன் இன்று ஜெர்மனியில் இருக்கும் பவேரியாவுக்கு, இது ஆஸ்திரியாவுக்கு. சந்தை அங்கே, படகோட்டி இங்கே, சொந்தக்காரர் அங்கே.

குளிர்காலத்தில் ஆற்றில் உப்புப் படகு போகாது, வருமானமும் இருக்காது. அந்த மாதங்களில் இந்தப் படகோட்டிகள் நாடகம் போட்டுப் பிழைத்தார்கள், வெளியூர்களுக்கும் குழுவாகப் போய் நடித்தார்கள். துடுப்புப் பிடித்த கையோடு மேடையேறி ராஜா வேடம். எனக்கு இந்தத் தகவல் பாட்டைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறது.

ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனியா? விசா பிரச்சினை வருமா?

ஆமாம், ஜெர்மனிதான். இரண்டும் ஷெங்கன் நாடுகள் என்பதால், ஒரு தடவை நுழையும் விசா வைத்திருப்பவர்களும் கவலைப்படாமல் போய் வரலாம். ஆனால் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள். 2015-லிருந்து ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் சோதனை வைத்திருக்கிறது, நடந்து போகும் உங்களை நிறுத்தாமலும் போகலாம், நிறுத்தினால் காட்ட வேண்டும்.

நான் கூட்டிப் போகும் வழி: ரயில் நிலையம், அங்கிருந்து நிதானமாக நடந்து கோவில், பக்கத்தில் இருக்கும் நடைப்பாலத்தில் ஏறி லௌஃபன், அதன் பழைய தெரு, 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோதிக் தேவாலயம், பிறகு 1903-இல் திறந்த இரும்புப் பாலம் வழியாகத் திரும்ப ஓபர்ன்டார்ஃப். முழுச் சுற்றும் நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம். பாலத்தின் நடுவில் எல்லாரும் ஒரு காலை ஜெர்மனியிலும் ஒரு காலை ஆஸ்திரியாவிலும் வைத்துப் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிர் தாங்குமா?

பூஜ்யத்தைச் சுற்றி இருக்கும், சில நாள் அதற்குக் கீழே ஐந்து, ஆறு. மேல்கோட்டு இல்லை, செருப்புதான் பிரச்சினை. நடைபாதையில் வழுக்காமல் இருக்கச் சிறு ஜல்லியைத் தூவியிருப்பார்கள், ஆற்றங்கரை மேட்டில் அது எல்லா இடத்திலும் இருக்காது. அடிப்பாகம் மழுங்கிய விளையாட்டுக் காலணியோடு வராதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் சூப்பில் ஏமாறாதீர்கள். மெனுவில் பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப், நறுக்கிய தோசை மாதிரி மிதக்கும் ஃப்ரிட்டாட்டன் சூப் எல்லாம் பார்க்கச் சைவமாக இருக்கும், கீழே இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு. கேட்டுவிட்டு வாங்குங்கள். காஸ்நோக்கன் என்று ஒன்று, சின்னச் சின்ன மாவுத் துண்டுகளில் பாலாடைக்கட்டியை உருக்கி, மேலே வறுத்த வெங்காயம், இரும்புச் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பன்றிக்கறித் துண்டு போடாமல் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு வேண்டுமானால் கெர்ம்க்னூடல், உள்ளே பிளம் ஜாம் வைத்த பெரிய ஆவிப் பணியாரம் என்று வைத்துக்கொள்ளலாம், மேலே கசகசாப் பொடியும் சர்க்கரையும். ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், உணவகம் சிலது திங்களும் மூடும், எதற்கும் பையில் இரண்டு ரொட்டி இருக்கட்டும்.

காப்பிக் கடையில் மெலாஞ்சு என்ற பால் காப்பி ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வரும். நுழையும்போது "க்ரூஸ் கோட்" என்று அவர்கள் பாணியில் வணக்கம் சொல்லிவிட்டு நுழையுங்கள், முகம் மாறுவதைப் பாருங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. தரை பெரும்பாலும் சமம், கோவில் மேட்டில் சில படிகள். முழங்கால் வலி இருந்தால் பாலச் சுற்றை விட்டுவிட்டுக் கோவில், ஆற்றங்கரை, காப்பி என்று முடித்துக்கொள்ளுங்கள். என் அம்மா அந்தக் கரையில் ஒரு பெஞ்சில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "ஆறு ஓடுதே, உறையலையே" என்று அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 24 அன்றே போனால்தானே விசேஷம்?

அன்று மாலை ஐந்து மணிக்குக் கோவில் முன்னால் நினைவு நிகழ்ச்சி நடக்கும், கிட்டாரோடு அந்தப் பாட்டு. ஆயிரக்கணக்கில் கூட்டம். ஒரு தடவை போனேன். முன்னால் நின்றவரின் தொப்பியைத்தான் பார்த்தேன். பாட்டு என்னவோ நன்றாகக் கேட்டது. போக வேண்டும் என்று ஆசை இருந்தால் மூன்று மணிக்கே போய் இடம் பிடியுங்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை என்பதால் கடைகளும் சீக்கிரம் மூடிவிடும், ரயில் நேரமும் மாறும்.

திரும்பும் ரயிலைத் தவறவிட்டால்?

அரை மணி கழித்து இன்னொன்று வரும், மாலை நேரம் பிந்தினால் இடைவெளி கூடும். லௌஃபன் பக்கமே நின்றுவிட்டால் அங்கேயும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஃப்ரைலாசிங் போய் மாறி சால்ஸ்பர்க் வரலாம், ஆனால் அது ஜெர்மன் ரயில், உங்கள் சால்ஸ்பர்க் சீட்டு செல்லுமா என்று பார்த்துக்கொண்டு ஏறுங்கள். நான் எப்போதும் ஓபர்ன்டார்ஃபுக்கே திரும்பி வந்துவிடுவேன். திரும்பும் வண்டியில் வெளியே எதுவும் தெரியாது, கண்ணாடியில் நம் முகமும், நடு நடுவே ஏதோ ஒரு வீட்டின் சமையலறை விளக்கும்தான். அம்மா பெர்க்ஹைம் வருவதற்குள் தூங்கிவிட்டார், கடைசி நிறுத்தம் வரைக்கும் நான் எழுப்பவில்லை.